அறையோடு குளியலறை உண்டா?

லடாக்கின் வீட்டு விடுதிகளில் விருந்தினர் முதலில் கேட்கும் கேள்வி இது. மழை பெய்யாத அந்த மலை நாட்டில் இதற்கான பதில் தண்ணீர்க் கணக்கில் போய் முடிகிறது.

லே நகருக்கு விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து இறங்குகின்றன. கோடைக் காலமானால் பிற்பகலுக்குள் சாங்ஸ்பா, சங்கர் பகுதிகளின் குறுகிய சந்துகளில் பயணிகள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். நெட்டிலிங்கம்போல் ஓங்கி வளர்ந்த பாப்ளார் மரங்கள், சந்தோடு ஓடும் வாய்க்கால், சுவருக்கு மேல் தலை நீட்டும் ஆப்ரிகாட் மரம், தூரத்தில் பனி மூடிய சிகரம். எதுவும் அப்போது கண்ணில் படுவதில்லை. கதவைத் திறக்கும் வீட்டம்மாவிடம் அவர்கள் கேட்பவை மூன்றே கேள்விகள். அட்டாச்ட் பாத்ரூம் உண்டா? வெஸ்டர்னா, இண்டியனா? இருபத்து நாலு மணி நேரமும் வெந்நீர் வருமா?

நியாயமான கேள்விகள்தான். டெல்லியிலோ பெங்களூரிலோ பணம் கொடுத்து அறை எடுப்பவர் இதைத்தான் கேட்பார். ஆனால் 3,500 மீட்டர் உயரத்தில், ஆண்டுக்குச் சுமார் 100 மி.மீ. மட்டுமே மழையும் பனியுமாகப் பெறும் ஊரில் இந்த மூன்று கேள்விகளுக்கும் வேறு எடை வந்துவிடுகிறது. சென்னையில் ஓராண்டில் சராசரியாகப் பெய்வது சுமார் 1,400 மி.மீ. ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மரில்கூட லேயைவிட அதிகம் பெய்கிறது. லடாக்கின் வயலும் வீடும் நம்பியிருப்பது மழையை அல்ல. மேலே உறைந்து கிடக்கும் பனி வெயிலில் உருகி வாய்க்காலில் இறங்கினால்தான் கீழே வாற்கோதுமை முளைக்கும். யாருடைய வயலுக்கு எப்போது எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பங்கிட்டுக் கொடுக்கக் கிராமங்களில் ‘சுர்போன்’ என்ற நீர்ப் பொறுப்பாளரை அமர்த்துவது பழைய வழக்கம். தமிழ்நாட்டு ஏரிப் பாசனத்தின் நீர்க்கட்டியை அறிந்தவர்களுக்கு இவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

மாடியில் இருக்கும் மண் அறை

தண்ணீர் இவ்வளவு அருமையான இடத்தில், கழிவைக் கழுவ அதைச் செலவிடும் யோசனையே லடாக்கியருக்கு வந்ததில்லை. பழைய லடாக்கி வீடு மண் செங்கல்லால் கட்டியது. பாப்ளார் மரத்து உத்தரங்கள். அவற்றின் மேல் வில்லோ குச்சிகளைப் பரப்பி மண் பூசிய கூரை. கீழ்த்தளத்தில் ஆடு மாடு. மேலே பித்தளை, செம்புப் பாத்திரங்கள் பளபளக்கும் பெரிய சமையலறை. எல்லாவற்றுக்கும் மேல் வழிபாட்டு அறை. இந்த வீட்டின் மேல்தளத்து மூலையில் ஒரு சின்ன அறை இருக்கும். மண் தரை, நடுவில் ஒரு நீள் சதுரத் துளை, சுவரோரம் ஒரு குவியல் மண், அதில் செருகிய மண்வெட்டி. இதுதான் கழிப்பறை. துளைக்குக் கீழே ஒரு தளம் உயரத்துக்கு வெற்று அறை. பயன்படுத்தியவர் இரண்டு வாரு மண்ணைத் தள்ளிவிட்டு வெளியே வர வேண்டும். சமையலறை அடுப்புச் சாம்பலும் அதே துளையில்தான் போகும். மண்ணும் சாம்பலும் ஈரத்தை உறிஞ்ச, வறண்ட காற்று மிச்சத்தைக் காயவைக்கிறது. மண்ணை ஒழுங்காகப் போடும் வீட்டில் நாற்றம் அநேகமாக இராது.

ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை கீழறையின் கதவைத் திறந்து, மக்கிய எருவை வாரி வயலில் கொட்டுவார்கள். மெல்லிய மணல் மண் கொண்ட அந்தப் பூமியில் வாற்கோதுமையும் பட்டாணியும் விளைய இந்த எரு பெரிய துணை. அங்கே ஆட்டுப் புழுக்கையும் மாட்டுச் சாணமும் குளிர்கால எரிபொருளாகப் போய்விடுவதால், வயலுக்கு வேறு எரு போதாது.

இதில் சமவெளிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாட்டின் பிற பகுதிகளில் உலர் கழிப்பறை என்றாலே மனித மலத்தை மனிதர் சுமக்கும் கொடுமைதான் நினைவுக்கு வரும். அதைத் தடை செய்ய 1993இலும், பிறகு 2013இலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. லடாக்கில் இந்த வேலைக்கென்று ஒரு சாதி ஒதுக்கப்படவில்லை. மாதக்கணக்கில் மண்ணோடு மண்ணாகிவிட்டதை வீட்டாரே வாரி வயலுக்கு எடுத்துச் சென்றார்கள். இப்போது கூலிக்கு ஆள் வைப்பவர்களும் உண்டு. அருவருப்பும் தீட்டும் ஒரே சொல்லாகிவிட்ட ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய சங்கதி.

ஆறு அறை, ஒரு கணக்கு

லடாக் வெளியூர்ப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது 1974இல். முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டினர். முதுகில் பையைச் சுமந்து வந்த அவர்கள், வீட்டில் ஓர் அறை கொடுத்தால் போதும் என்று தங்கினார்கள். மாடியில் இருந்த மண் அறையையும் அதிகம் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். 2009இல் வெளிவந்த ‘3 இடியட்ஸ்’ படம் பாங்காங் ஏரியை நாடெங்கும் அறிமுகப்படுத்திய பிறகு, உள்நாட்டுப் பயணிகள் பெருந்திரளாக வரத் தொடங்கினார்கள். தேனிலவுத் தம்பதிகள், மோட்டார் சைக்கிள் குழுக்கள், பாட்டி முதல் பேரன் வரை முழுக் குடும்பங்கள். 2019 அக்டோபர் 31இல் லடாக் தனி யூனியன் பிரதேசமானது. அதற்கு முன்பே லே நகரின் வயல்களில் பல, விடுதிகளாக மாறியிருந்தன.

வீட்டுக்காரரின் நிலையும் தர்மசங்கடம்தான். பக்கத்து வீட்டில் அறையோடு பீங்கான் கழிப்பறை இருக்கிறது. அங்கே அறைகள் நிரம்புகின்றன. இவர் வீட்டில் மாடி மூலையைக் காட்டியதும் விருந்தினர் பெட்டியைத் திரும்பத் தூக்குகிறார். ஒரு பருவம் பொறுத்துப் பார்க்கிறார். அடுத்த பருவத்துக்குள் கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு, கூரை மேல் தொட்டி, குழாய், கழிவுநீர்க் குழி எல்லாம் வந்துவிடுகின்றன. வாடகையும் கூடுகிறது.

கணக்கு இப்படி ஓடும். பழைய மாதிரித் தொட்டி, ஒரு முறை இழுத்தால் 10 லிட்டர் கொட்டும். ஓர் அறையில் இருவர், ஆளுக்கு ஐந்து முறை என்றால் நாளுக்கு 100 லிட்டர். ஆறு அறை வீட்டில் 600 லிட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை 120 நாள் நிரம்பியிருந்தால், கழிப்பறைக்கு மட்டும் 72,000 லிட்டர். குளியல், துணி, சமையல் எல்லாம் தனி. 3 லிட்டர், 6 லிட்டர் என்று இரட்டைப் பொத்தான் வைத்த புதிய தொட்டி இருந்தால் இது பாதிக்கும் கீழே இறங்கும். மண்வெட்டி இருக்கும் வீட்டில் இந்தத் தலைப்பில் செலவே கிடையாது.

எடுத்தது போக, விட்டதற்கும் கணக்கு உண்டு. தண்ணீரில் கரைந்த கழிவு குழிக்குப் போகிறது. குழி சரியாகக் கட்டப்படாவிட்டால் அங்கிருந்து நிலத்தடிக்கு இறங்குகிறது. நிலத்தடியிலிருந்துதான் ஆழ்துளைக் கிணறு தண்ணீரை மேலே ஏற்றுகிறது. வயலுக்குப் போயிருக்க வேண்டிய எரு குடிநீரைத் தேடிப் போகிறது. எருவுக்குப் பதிலாக உர மூட்டையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

எந்த மாடி, எந்தத் திசை

இதையெல்லாம் கேட்டுவிட்டு, வசதியைத் துறந்து வா என்று பயணிக்கு உபதேசிப்பது எளிது. உண்மையில் உயரம் வேறு நியாயங்களை வைத்திருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து நேரே 3,500 மீட்டருக்கு வந்து இறங்கியவரின் உடல் முதல் இரண்டு நாள் திணறும். படியேறினால் மூச்சிரைக்கும், தலை வலிக்கும். உயரத்துக்கு உடல் பழகும்போது சிறுநீர் வழக்கத்தைவிட அதிகம் பிரியும். மருத்துவர் யோசனைப்படி டயமாக்ஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் அதிகம். ஓய்வெடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஆக, இரவில் மூன்று நான்கு முறை எழுந்தே ஆக வேண்டும். வெளியே கடுங்குளிர். கழிப்பறை இன்னொரு தளத்தில், செங்குத்து ஏணிப்படியின் மறுமுனையில் இருந்தால் அறுபது வயதுக்காரருக்கு அது வேதனை மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

அதனால் அறை பார்க்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, குளியலறை அறைக்குள்ளா வெளியிலா என்பதைவிட, அது எத்தனை படி தூரம் என்பதே. அறைக்கு வெளியே, அதே தளத்தில், பத்தடி நடைக் கூடத்தில் இருக்கும் பொதுக் கழிப்பறை, அறைக்குள்ளேயே அடைத்துக் கட்டிய காற்றோட்டமில்லாத குளியலறையைவிடப் பல நேரம் மேலானது. உலர் கழிப்பறை பெரும்பாலும் மேல்தளத்தில் இருப்பதால், அந்தத் தளத்து அறையையே கேட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். மூட்டுவலிக்காரரும் குந்தி உட்கார முடியாதவரும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். துளையின் மேல் மர இருக்கை போட்டுத் தரும் வீடுகளும் இருக்கின்றன. முதல் இரண்டு இரவுகளை லேயில் அறையோடு குளியலறை உள்ள வீட்டில் கழித்துவிட்டு, உடல் தேறிய பிறகு கிராமத்து வீட்டுக்குப் போவதும் ஒரு வழி.

அடுத்த கேள்வி திசை. தெற்குப் பார்த்த பெரிய சன்னல் உள்ள அறையே அங்கே அரச அறை. பகலில் உள்ளே வரும் வெயிலை மண் சுவர் குடித்துவைத்து இரவில் மெல்லத் திருப்பித் தரும். வடக்குப் பார்த்த அறையில் என்ன விலையுயர்ந்த மெத்தை போட்டாலும் ஜூலை மாதத்திலும் கம்பளி தேவைப்படும். சுவர்க் கண்ணாடிக்குப் பின்னால் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கட்டட முறைகளை 1980களிலிருந்து லடாக்கில் தொண்டு நிறுவனங்கள் பரப்பி வந்திருக்கின்றன. பல வீடுகளில் ‘கண்ணாடி அறை’ என்று ஒன்று காட்டப்படுவதற்கு அதுவே காரணம். காலைச் சாப்பாட்டுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

மூன்றாவது, வெந்நீர். இருபத்து நாலு மணி நேரமும் வரும் என்று சொல்லும் வீட்டைவிட, எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லும் வீட்டை நம்பலாம். கூரையில் சூரிய வெப்பக் கருவி இருந்தால் பிற்பகலில் இருந்து மாலைக்குள் தண்ணீர் நன்றாகச் சுடும், விடியற்காலையில் வெதுவெதுப்பாகிவிடும். லடாக்கில் குளியல் மாலை நேரத்து வேலை என்று ஏற்றுக்கொண்டால் பாதிப் புகார் தீர்ந்துவிடும். எரிவாயு கீசர் உள்ள குளியலறையில் சன்னலோ புகைபோக்கித் திறப்போ இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அடைத்த அறையில் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரைக் குடிக்கும். கிராமத்து வீடுகளில் குழாயே இராது. கேட்டால் ஒரு வாளி வெந்நீர் வரும். வாளிக் குளியல் இந்தியப் பயணிக்குப் புதிதல்ல. வெளிநாட்டுக்காரர் பழக வேண்டிய கலை அது. இந்த ஒரு விஷயத்தில் உள்நாட்டு விருந்தினர் வீட்டம்மாவுக்கு வரப்பிரசாதம்.

மக் பிரச்சினை

சங்கடம் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. உலர் கழிப்பறை என்றால் உலர்ந்திருக்க வேண்டும். காகிதம் பயன்படுத்துகிறவருக்குச் சிக்கல் இல்லை. தண்ணீர் இல்லாமல் சுத்தமே இல்லை என்று வளர்ந்த நமக்கு? வாளி நிறையத் தண்ணீர் கொண்டுபோய்ச் சமவெளி வழக்கப்படி ஊற்றினால் கீழறை சேறாகும், நாறும், ஈ மொய்க்கும், எரு மக்காது. ஒரே வாரத்தில் நான்கு குடும்பங்கள் இப்படிச் செய்துவிட்டால் ஓராண்டு எரு பாழ்.

இதற்கு வீடுகளே கண்டுபிடித்திருக்கும் தீர்வுகள் பல. சில வீடுகளில் கழுவிக்கொள்ளத் தனியாக ஒரு மூலை உண்டு; அந்தத் தண்ணீர் தோட்டத்துக்குப் போகும். சிலவற்றில், காகிதத்தால் துடைத்த பிறகு சிறு குவளைத் தண்ணீர் அனுமதி. அதன்மேல் கூடுதலாக ஒரு வாரு சாம்பல். இன்னும் சிலவற்றில் தண்ணீர் கூடவே கூடாது. எது என்பதை வந்த உடனே, கூச்சப்படாமல் கேட்டுவிடுவதே மரியாதை. வீட்டம்மாவை ‘ஆமா-லே’ என்றும், பாட்டியை ‘அபி-லே’ என்றும் அழைக்கலாம். தமிழில் ‘ங்க’ செய்யும் வேலையை லடாக்கியில் ‘லே’ செய்கிறது. வணக்கத்துக்கும் நன்றிக்கும் சேர்த்து ‘ஜூலே’. ஈரத் துடைதாள், அணையாடை, சானிட்டரி நாப்கின், பிளாஸ்டிக் பாட்டில் எதுவும் துளைக்குள் போகக் கூடாது. போட்டதை அடுத்த வசந்தத்தில் யாரோ ஒருவர் கையால் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கும். தூக்கிக்கொண்டு வந்ததைத் தூக்கிக்கொண்டே திரும்புவது நல்லது.

சிறுத்தை கொடுத்த அறை

கிராமத்து வீட்டு விடுதிகள் வெறும் வியாபாரமாகத் தொடங்கியவை அல்ல. லேக்கு அருகே ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பக் போன்ற ஊர்களில் பனிச்சிறுத்தை ஆட்டுப் பட்டிக்குள் புகுந்தால் ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் சொத்து அழிந்துவிடும். ஆத்திரத்தில் சிறுத்தையைக் கொல்வதும் நடந்தது. 2000களின் தொடக்கத்தில், பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பொன்று கிராமத்தாருடன் சேர்ந்து ஒரு வழி கண்டது. பட்டிக்கு மேல் வலை போடுவது. சிறுத்தை வாழும் மலையைப் பார்க்க வருகிறவர்களை வீட்டில் தங்கவைத்துச் சம்பாதிப்பது. இழப்புக்குக் காரணமான மிருகமே வருமானத்துக்கும் காரணமானது. விருந்தினர் முறை வைத்து வீடு வீடாகப் பிரித்து அனுப்பப்பட்டதால், எல்லா அடுப்பிலும் கொஞ்சம் வருமானம் எரிந்தது. அறையையும் சமையலையும் கவனிப்பவர்கள் பெண்கள் என்பதால் பணமும் பெரும்பாலும் அவர்கள் கைக்கே வந்தது.

இந்த வீடுகளில் அறை என்பது தரையில் கம்பளம், மெத்தை, முன்னால் செதுக்கு வேலை செய்த குட்டை மேசை. உணவு வீட்டாரோடு சமையலறையில். காலையில் கம்பீர் ரொட்டி, ஆப்ரிகாட் ஜாம், உப்பும் வெண்ணெயும் சேர்த்துக் கடைந்த குர்குர் தேநீர். இரவில் துக்பாவோ ஸ்கியுவோ. கழிப்பறை பெரும்பாலும் மாடியில், மண்வெட்டியோடு. மத்திய சுற்றுலா அமைச்சகம் ‘படுக்கையும் காலை உணவும்’ திட்டத்தில் அதிகபட்சம் ஆறு அறைகள் உள்ள, உரிமையாளர் குடியிருக்கும் வீடுகளைத் தங்கம், வெள்ளி என்று தரம் பிரிக்கிறது. அறையின் அளவும் குளியலறை வசதியும் அந்தத் தரத்தைத் தீர்மானிப்பவற்றில் அடக்கம். டெல்லி வீட்டுக்குப் பொருந்தும் இந்த அளவுகோலை ரும்பக்கின் சமையலறைக்குள் கொண்டுவந்தால் அதற்கு என்ன உலோகம் கொடுப்பது என்று தெரியாமல் தடுமாற வேண்டியதுதான்.

பழைய கழிப்பறையைப் புனிதமாக்கிப் பேசவும் தேவையில்லை. கீழறையைக் காலி செய்வது கடினமான வேலை. படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் அதைச் செய்ய விரும்புவதில்லை. நகரத்தில் வயலே இல்லாத வீட்டில் எருவை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வியும் உண்டு. வயதான லடாக்கிப் பாட்டிக்கும் நடுங்கும் குளிரில் படியேறுவது சுகமல்ல. எனவே ஒரு பீங்கான் கழிப்பறையும் ஓர் உலர் கழிப்பறையும் அருகருகே வைத்திருக்கும் வீடுகளே இப்போது லேயில் நடைமுறைச் சமரசம். விருந்தினரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு வீட்டார் ஒதுங்கிக்கொள்கிறார்கள். முடியாதவருக்குப் பீங்கான், முடிந்தவருக்கு மண்வெட்டி. உடல் நன்றாக இருக்கும் இருபத்தைந்து வயதுக்காரர் எந்தக் கதவைத் திறக்கிறார் என்பதில்தான் ஊரின் தண்ணீர் இருக்கிறது.

அக்டோபர் முடியும்போது இந்த விவாதத்துக்குத் தானாகவே ஒரு தீர்ப்பு வரும். உறைபனி தொடங்கியதும் குழாய்கள் வெடிக்காமல் இருக்கத் தண்ணீரை வடித்துவிட்டுப் பல விடுதிகள் கதவைச் சாத்திக்கொள்கின்றன. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிவரை இறங்கும் ஜனவரியில், உறைந்த சன்ஸ்கார் ஆற்றின் மேல் நடக்க வருகிறவர் தங்கும் வீட்டில், பளபளக்கும் பீங்கான் தொட்டி பெரும்பாலும் காட்சிப் பொருள். மாடியில் மண்ணும் சாம்பலும் தயாராக இருக்கும். உறைய அதில் எதுவும் இல்லை.